மருதாணி விருந்துப் படங்கள்

"குப்பைத்தொட்டியில போட்டா அழிஞ்சிடுமாடி, கழுதை? வாங்குறவன் தோண்டி எடுத்துடுவான்," என்று சிரிக்கிறாள் ருதைனா. இர்பித் நகரக் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஒரே பெண் அவள். அதனால்தான் ஹனாதி தன் மடிக்கணினியை விற்குமுன் அவளிடம் கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே ஹனாதியின் கல்யாணத்துக்கு முன் பெண்கள் மட்டும் கூடிய மருதாணி விருந்துப் படங்கள். முக்காடின்றி ஆடும் பெண்கள். தெருவுக்குத் தெரியாதபடி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு இருவரும் பார்க்கிறார்கள்; புதினாத் தேநீர் ஆறுகிறது. கைப்பேசியில் மூன்றாம் முறையாக ஹனாதியின் அம்மா: "அழிச்சாச்சா?" "இதோம்மா." கடைசிப் படத்தில் அதே அம்மா, தலையில் காப்பித்தட்டோடு, கண்மூடி ஆடுகிறாள். சன்னல் வெயில் பட்டு அவள் கூந்தல் திரையில் மின்னுகிறது. "இதுங்க மேல வேற எதையாவது மூணு தடவை எழுதி அழிச்சா யாராலயும் மீட்க முடியாது," என்று ருதைனா விசையில் விரல் வைக்கிறாள். ஹனாதி அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "ருதைனா, இந்த ஒண்ணை மட்டும் விட்டுடேன்..."