ஓடும்போது அளப்பது

கிளாராவின் இடது கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது. கிளட்ச் இல்லாத அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை மட்டும்தான் அவளால் ஓட்ட முடியும். ஒரு மாதமாக அது மேட்டைக் கண்டால் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, வண்டியை விற்றுத் தள்ளிவிடுங்கள் என்று இரண்டு பட்டறைகளில் சொல்லிவிட்டார்கள். "விடு, இனிமே நானே கொண்டுபோய் விடறேன்" என்று கணவர் செபஸ்டியன் சொல்லும்போதெல்லாம் அவள் கார் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள்.

மூன்றாவது பட்டறையின் நிஜாம் பாய், "கியர் ஆயில் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை தவறாம நான்தான் ஆயில் அளக்கற குச்சிய உருவிப் பாக்கறேன். நெறைஞ்சுதான் இருக்கு" என்றார் செபஸ்டியன்.

"இன்ஜின நிறுத்திட்டா?"

"பின்ன, ஓடும்போதா கைய விடுவாங்க?"

"இந்த வண்டிக்கு ஓடும்போதுதான் சார் பாக்கணும். நின்னுட்டா ஆயில் எல்லாம் கீழ எறங்கி, நெறைஞ்ச மாதிரி காட்டும்."

பாய் இன்ஜினை ஓடவிட்டுக் குச்சியை உருவினார். நுனியில் மட்டும்தான் ஈரம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கருகல் வாசம் இல்லம்மா. கியர்பாக்ஸ் பொழச்சிக்கிச்சு."

இறுகப் பிடித்திருந்த கைப்பையை கிளாரா அப்போதுதான் மடியில் வைத்தாள்.

ஆயில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றிப் புது ஆயில் ஊற்றியதும், அவள் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். மிதிக்காமலே வண்டி மெல்ல நகர்ந்தது. செபஸ்டியன் அதன் முன்னால் நின்று, இரு கைகளாலும் வா வா என்று சைகை காட்டியபடி பின்னோக்கி நடந்தார். வாசல் வந்ததும் ஒதுங்கி, ஏறிக்கொள்வதற்காகக் கதவை நோக்கிக் கை நீட்டினார். வண்டி அவரைத் தாண்டிச் சாலையில் திரும்பியது.

பாய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார். அம்மா வந்துருவாங்க."