கோணி விரிக்காத தரை

இந்தியாவிலேயே பாதுகாப்பான தரை மண்டபத்தூர் ஐஸ் பேக்டரியில்தான் இருக்கிறது. சொல்பவர் சூப்பர்வைசர் தெட்சிணாமூர்த்தி. மறுத்துப் பேசத் தரைக்கு வாய் இல்லை. வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இங்கே என்ன ஆபத்து என்று மதிப்பிட, அரசு ஆய்வாளர் சிவப்ரியா மேடம் படிவத்தோடு வந்திருக்கிறார். அதில் பெயர் ஏறும் தொழிலாளிக்கு நாளை முதல் வேலை கிடையாது. கால் வழுக்காமலிருக்க எப்போதும் விரித்துக் கிடக்கும் கோணிகளைக் காலையிலேயே சுருட்டி ஒளித்துவிட்டார்கள். மேடம் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியுமாம். ஈரச் சிமெண்ட்டில் குழல்விளக்கு மினுங்குகிறது. அறுபது வயது ஜெகபர் அலி, சூம்பிய இடது காலை இழுத்தபடி, சுவரைத் தடவித் தடவி நடந்து காட்டுகிறார்.

“என்ன பாய், நடைவண்டி வாங்கித் தரட்டுமா?” தெட்சிணாமூர்த்தி சிரிக்கிறார்.

“கோணியப் போடச் சொல்லுங்கம்மா, ஐஸ் கட்டியைத் தூக்கிக்கிட்டே நடக்குறேன்,” என்கிறார் அலி.

“எந்தக் கோணி?”

கேட்ட மேடத்திடம் தெட்சிணாமூர்த்தி பேனாவை நீட்டுகிறார். மேடம் அலியின் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டு வாசலுக்குப் போகிறார். அலி ஐஸ் இழுக்கும் கொக்கியை ஆணியில் மாட்டுகிறார். இரும்பில் இரும்பு உரசுகிறது. மேடத்தை வழியனுப்பக் கிளம்பிய தெட்சிணாமூர்த்தி, இரண்டாவது அடியில் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவித் தடவிப் போகிறார்.