துறைமுகக் கடையில் ஒரு நீலக்கல் அட்டிகை

துறைமுக நகைக்கடையின் விளக்குகள் அத்தனையும் இளையவளின் கழுத்தையே குறிவைத்து எரிகின்றன. அவள் வைத்துப் பார்க்கும் நீலக்கல் அட்டிகை பொறி கக்குகிறது. பக்கத்தில் நிற்கும் மூத்த ஓரகத்தியின் வயிற்றிலும் நெருப்புதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவளுக்கே எல்லாம்! “உங்க சுற்றுலாக் கப்பல் கிளம்பிட்டா இந்த விலை கிடைக்காது மேடம்” என்று கடைக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். யாரோ கதவைத் திறக்க, வெயில் உள்ளே பாய்கிறது. அந்த வெளிச்சத்தில் நீலம் செத்து, கல் வெறும் பாட்டில் கண்ணாடியாகப் பல்லிளிக்கிறது. மூத்தவள் மட்டும் பார்த்துவிடுகிறாள். கதவு மூடுகிறது, கல் மறுபடி ஜொலிக்கிறது. “எப்படிக்கா இருக்கு?” ஒரு வார்த்தை சொன்னால் போதும், இளையவள் தப்பித்துவிடுவாள். அது மூத்தவளின் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. “உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி. யோசிக்காம வாங்கு.” கொக்கியையும் அவளே மாட்டிவிடுகிறாள். இளையவள் துள்ளித் திரும்புகிறாள். “அண்ணே, இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க. எங்க அக்காவுக்கு! நான்தான் வாங்கித் தருவேன், வேணாம்னா பேசவே மாட்டேன்.” கடைக்காரர் இழுப்பறையைத் திறக்கிறார், உள்ளே வரிசையாக நீலம். இளையவள் ஒன்றை எடுத்து மாட்டிவிட, சில்லென்று ஒரு கண்ணாடித் துண்டு மூத்தவளின் தொண்டைக்குழியில் வந்து உட்காருகிறது. “அய்யோ, அழுறீங்களாக்கா?” என்கிறாள் இளையவள், பூரித்துப்போய்.