இறுகிய மூடி

பேச்சுப் பயிற்சி அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதன் வயிற்றில் இருக்கும் சிவப்புப் பம்பரம் வெளியே பளிச்சென்று தெரியும். நாலு வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத ரெஹானா வந்ததும் அதைத்தான் தூக்குவாள். மூடியைத் திருகிப் பார்த்து, முடியாமல் அழுவாள்.

"பச்சைப் பிள்ளைகிட்ட என்னடா வீம்பு உனக்கு?" என்று டப்பா தன் மூடியைக் கேட்டது.

"டீச்சர்தான் தினமும் இப்படி முறுக்கி வைக்கிறாங்க. ஏன்னு எனக்கும் புரியலை."

அன்று ரெஹானாவின் அம்மா பொறுக்கமாட்டாமல் திறந்துவிடக் கை நீட்டினாள். "கொஞ்சம் இருங்கம்மா," என்று டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரெஹானா டப்பாவை டீச்சர் மடியில் வைத்தாள். உதடு துடித்தது.

"தொற."

பம்பரம் ஆசைதீரச் சுழன்றது. ஓய்ந்ததும் டீச்சர் அதை மறுபடி உள்ளே போட்டார்.

டப்பா தன் மூடியிடம் அவசரமாகச் சொன்னது: "இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கோ."