பொய்யனுக்கு ஆறு சாட்சி

“நான் ஒரு பச்சைப் பொய்யன் எண்டு எழுதுங்கோ. அடியிலை கையெழுத்து வைக்கிறன்,” என்றார் பரராசசிங்கம்.

பேசியது டொச்சு, ஜெர்மன் பாஷைதான். ஆனால் அவர் வாயில் வந்தால் டொச்சும் யாழ்ப்பாணத் தமிழ் மாதிரித்தான் கேட்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் பேனையைக் கீழே வைத்தாள். யாருக்குத் துவக்கு, துப்பாக்கி என்று கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்க்கிற கந்தோரில் அவளுக்கு இருபத்திரண்டு வருச சேவை. வந்தவர்கள் எல்லாரும் தங்களை நல்லவர்கள் என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பீலெஃபெல்ட் நகரத்துச் சுடும் கழகத்தில் சேர்ந்து ஒன்றரை வருசம் பழகிய பரராசசிங்கம், அறுபது வயதில் சொந்தமாக ஒரு துவக்கு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி அன்ட்ராக் போட்டார். ‘இந்த ஆள் எங்கள் பட்டியலில் இருக்கிறார், முன்னாள் ஆயுத இயக்கக்காரர் என்று சந்தேகம்’ என்று உளவுத்துறையிலிருந்து பதில் வந்தது.

அன்ட்ராக்கைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றுதான் மனிசன் முதலில் நினைத்தார். எடுத்தாலும் பெயர் பட்டியலில் கிடக்கும், என்றைக்கோ ஒருநாள் வீட்டு மணி அடிக்கும் என்று சட்டத்தரணி சொன்ன பிறகு இரண்டு கிழமை நித்திரை இல்லை. நல்ல காலம், ஆளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்காமல் முடிவு எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்காகக் குறித்துத் தந்த நேரம்தான் இன்றைய டெர்மின்.

பட்டியலில் பெயரை ஏற்றியது வேறு யாருமில்லை, அவருடைய வாய்தான். இருபத்தேழு வருசமாக ஒரு கொண்டாட்டம் விடாமல் அளந்த வீரக்கதையை, அறுபதாம் பிறந்தநாளில் எவனோ படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் கணினியைத் திருப்பி அதை ஓடவிட்டாள்.

“தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு!” திரையில் பரராசசிங்கம் கழுத்தில் மாலையோடு முழங்கினார். “மூண்டு நாள் கழுத்தளவு உப்புத் தண்ணி. துவக்கைத் தலைக்கு மேலை பிடிச்சபடி நிண்டது! குழலுக்குள்ளை தண்ணி போகாமல் பொலித்தீன் பையைச் சுத்தி, தலைமயிர் கட்டுற றபர் பாண்டாலை இறுக்கி…”

சபை விசிலடித்தது. பரராசசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

“முழுப் புளுகு, அம்மா. நான் இஞ்சை வந்தது எண்பத்தொன்பதிலை. தொண்ணூற்றி மூண்டிலை புட்டிங் பக்டரியிலை பெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தனான். இந்தாங்கோ, பன்ரண்டு மாசச் சம்பளத் துண்டும் இருக்கு.”

அதோடு ஒரு கடிதத்தையும் நீட்டினார். ‘இவர் ஒரு புளுகர், கடிக்கிற நுளம்பைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாதவர்’ என்று ஆறு சிநேகிதர்கள் கையெழுத்து வைத்திருந்தார்கள். கேட்டதும் பேனையைப் பறித்தல்லவா வைத்தார்கள், பாவிகள்! அவர்களில் பீலிக்ஸ் மட்டும் புளுகருக்கு முன்னால் ‘மகா’ என்று சேர்த்த பிறகுதான் வைத்தான்.

பக்கத்தில் அவர் மனைவி சந்திரகாந்தி. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் வந்தவள். தொண்ணூற்றெட்டில் கலியாணம் முடித்து ஊரிலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை, கழகத்துப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபடி இருந்தாள்.

“புளுகு என்கிறீர்கள், ஆனால் கதை நல்ல விபரமாக இருக்கிறதே,” என்றாள் ஃப்ராவ் ஹோல்ட்கம்ப். “யார் சொல்லித் தந்தது? தேவையென்றால் வீட்டில் உள்ளவர்களையும் விசாரிக்க வேண்டி வரும்.”

பரராசசிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஐயோ, மனிசியை விடுங்கோ, அவவுக்கு ஒண்டும் தெரியாது! நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. சண்டைக்குப் போற ஆம்பிளையிட்டைத் தலைமயிர் கட்டுற றபர் பாண்ட் எங்காலை வந்தது? எனக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது, அம்மா!” என்று குனிந்து தன் வழுக்கையைக் காட்டினார்.

ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் சம்பளத் துண்டைப் பார்த்தாள், வழுக்கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாகக் கந்தோரில் வாய்விட்டுச் சிரித்தாள்.

“பொய்யனாக இருப்பது குற்றமில்லை, ஹெர் பரராசசிங்கம். பெயரை நீக்கச் சொல்லி நானே எழுதுகிறேன்,” என்று கோப்பை மூடினாள்.

வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் வந்து இருந்ததும் மனிசனுக்கு அழுகை முட்டியது.

“போச்சு, காந்தி. இருபத்தேழு வருசமாச் சேர்த்த மரியாதை! இனிக் கோயிலடியிலை என்னைக் கண்டால் ‘மகாப் புளுகர் வாறார்’ எண்டு சிரிக்கப் போறாங்கள். துவக்கும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்.”

சந்திரகாந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். தமிழ் முகம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் கிடந்த கறுப்பு றபர் பாண்டைக் கழற்றி, தளர்ந்திருந்த கொண்டையை இறுக்கிக் கட்டினாள்.

“மூண்டு நாள் இல்லையப்பா, அஞ்சு நாள்,” என்றாள். “இனி என்ரை கதையைச் சொல்லுறதெண்டால் ஒழுங்காச் சொல்லுங்கோ.”