மேல் வீட்டு ஸ்பீக்கர்

“ஏனுங்கய்யா, அந்த ஸ்பீக்கர் செட்டு எப்படி இருக்குதுங்க?”

லிஃப்ட் கதவு மூடியதும் கேட்டுவிட்டார் கிருபாசங்கர்.

மேல் வீட்டு பாலுசாமி காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எதுங்க தம்பி?”

“அதானுங்க, ஹோம் தியேட்டர். பொங்கலுக்கு வாங்குனீங்களே! நானும் அதே செட்டுதான் வாங்கலாம்னு இருக்கறனுங்க. வச்சிருக்கறவங்க வாயால கேட்டா ஒரு தெம்பு.”

“அதுங்களா… நல்லாத்தான் இருக்குமுங்க.”

“இருக்குமுங்களா? பேஸ் எல்லாம் எப்படிங்க?”

“அதப்பத்திச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க தம்பி. பொறவு பாக்கலாமுங்க.”

கிருபாசங்கரின் மாடி வந்துவிட்டது. பாலுசாமியோடு லிஃப்ட் மேலே போனது.

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது அவருக்கு.

“ஊருல தோப்பு, துரவு, பீளமேட்டுல வாடகைக்கு உட்ட இத்தாப்பெரிய ஊடு! ஒரு வார்த்தை சொல்ல மனசு வரலையே அந்த மனுசனுக்கு?” என்று மனைவியிடம் பொருமினார்.

“நம்ம ஊட்டுலயும் அதே செட்டு வந்துட்டா அவருக்குப் பெருமை போயிருமாட்ட இருக்குது,” என்றாள் மோகனப்பிரியா. உடனே உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “மெல்லப் பேசுங்க. பாப்பா படிக்குது.”

மகள் பிரீத்திகாவுக்கு இது இரண்டாவது நீட். போன வருடம் நூலிழையில் போய்விட்டது. அன்றைக்கு அழுத அழுகையை இன்னும் யாரும் மறக்கவில்லை. ‘பரிட்சை முடியட்டும், அப்புறம்தான் ஸ்பீக்கர்’ என்று மோகனப்பிரியா சொல்லிவிட்டாள். கிருபாசங்கரும் தலையாட்டிவிட்டார்.

கனவு காண்பதற்கு மட்டும் தடை இல்லையே!

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியிருந்த கருத்துகளைப் படிப்பார். எல்லாம் அவர் பட்ஜெட்டுக்குள் அடங்குகிற அந்த ஒரே செட்டைப் பற்றி.

‘மழை சீன் வந்தப்போ என் மாமியார் எழுந்து மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போயிட்டாங்க’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘இந்த விலைக்கு இவ்வளவு தரமே அதிகம். ரிமோட் மட்டும் சுமார்’ என்று ஒருவர். ‘பார்சல் வந்தது, இன்னும் பிரிக்கவில்லை, ஐந்து ஸ்டார்’ என்று இன்னொருவர்.

படிக்கப் படிக்க வேப்பமரம் மறைந்துபோகும். தன் வீட்டு ஹால் தெரியும். விளக்கை அணைத்தாயிற்று. பக்கத்தில் பிரீத்திகா கவலையில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். எங்கோ தூரத்து மலையில் இடி உருண்டு, சோபாவுக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல மழை வருகிறது…

ஒரு சனிக்கிழமை மனசு கேட்காமல் காந்திபுரம் கடைக்கே போய்விட்டார்.

“கண்ணை மூடிக்குங்க சார்,” என்று சொல்லிக் கடைக்காரர் பட்டனைத் தட்டினார்.

இடது காதுக்குப் பின்னால் முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மழை அவர் தலைக்கு மேலே ஏறி, கடையை, டவுன் பஸ் ஹாரனை, சித்திரை வெயிலை எல்லாம் நனைத்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது, சட்டை நனையாமல் இருந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதே நொடியில் பாலுசாமி மேல் கோபமும் வந்தது.

இப்படிப்பட்ட ஒரு மழையை வீட்டில் வைத்துக்கொண்டு, ‘சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க’ என்கிறாரே! அதுவும், பொங்கலிலிருந்து இன்றைக்குவரை மேலேயிருந்து ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்டதில்லை. கரண்டு பில்லுக்குப் பயந்து துணி போட்டு மூடி வைத்திருப்பார். வருகிறவர்கள் பார்த்து வாய் பிளந்தால் போதும் அவருக்கு.

அதற்குப் பிறகு லிஃப்டில் பாலுசாமியைப் பார்த்தால், கிருபாசங்கர் படியில் ஏறிப் போக ஆரம்பித்தார்.

பரிட்சை நாளும் வந்தது. சாயங்காலம் தேர்வு மையத்தின் கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிரீத்திகா, அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“நல்லா எழுதியிருக்கேன்ப்பா. இந்தத் தடவை நெசமாலுமே.”

மோகனப்பிரியா அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் காலிங் பெல் அடித்தது.

வாசலில் பாலுசாமியும் அவர் மனைவி நாச்சியம்மாளும் நின்றிருந்தார்கள்.

“பாப்பாவுக்குப் பரிட்சை முடிஞ்சுபோச்சுங்களா?” என்று கேட்டார் பாலுசாமி.

“முடிஞ்சுதுங்க.” கிருபாசங்கர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

“நல்லா எழுதுனியா கண்ணு?” என்று கிருபாசங்கரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டாள் நாச்சியம்மாள்.

“சூப்பரா எழுதியிருக்கேனுங்க!” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் பிரீத்திகா.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாலுசாமி கூச்சத்தோடு பின்னந்தலையைத் தடவினார்.

“அன்னிக்கு நீங்க கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க தம்பி. பாப்பா படிக்கற ரூமு எங்க ஹாலுக்கு நேர் கீழ வருதுங்களா, அதனால அந்த செட்டை நாங்க இன்னும் பெட்டியை உட்டே எடுக்கலீங்க. இன்னிக்குப் பிரிச்சுப் போட்டுப் பாத்துப்போட்டு, நாளைக்கு வந்து சொல்லட்டுங்களா, எப்படி இருக்குதுன்னு?”