மூத்தவளின் வாளி

மாடியிலிருந்து மூத்தவள் வாளியோடு இறங்கி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அவரைப் பாத்தியோரம் குனிந்து, வேரில் எதையோ ஊற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் படியேறிப் போனாள்.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த இளையவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்போ இவங்கதானா?

அண்ணன் குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே. இரண்டு மருமகள்களுக்கும் பொதுவாக இருந்தது அந்தத் துண்டு முற்றம் ஒன்றுதான். குழாய் வழியாக வீட்டுக்கு கேஸ் கொண்டுவந்த ஆட்கள், தெருக்கதவிலிருந்து சமையலறைச் சுவர்வரை தோண்டி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மண் பொலபொலவென்று இருக்கிறதே என்று இளையவள் அந்த நீளத்துக்கே பாத்தி கட்டி அவரை ஊன்றிவிட்டாள். பந்தல் போடுவதற்காக மாடிக்காரியின் துணிக்கொடியை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

"என் துணிக்கொடியை அவுத்துட்டு உன் அவரைக்கொடியா? விளங்கிரும்!" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் மூத்தவள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அவரை அதையெல்லாம் காதில் வாங்காமல் பந்தலேறியது. பூவும் பிஞ்சுமாக நிறைந்தது. அப்புறம் ஒரு காலையில் நடுவிலிருந்த கொடி வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடந்தது. மறுநாள் அதற்குப் பக்கத்துக் கொடி.

இளையவள் சாம்பல் தூவினாள். சோப்புத் தண்ணீர் தெளித்தாள். ஆனால் பூச்சி என்று ஒன்றுமே கண்ணில் படவில்லை, எறும்புகூட இல்லை. மண்புழுக்கள் மட்டும் மேலே வந்து சுருண்டு செத்துக் கிடந்தன. மதிலோரத்து ரோஜா எப்போதும்போல் பூத்துக்கொண்டிருந்தது. சாவு பாத்தியில் மட்டும்தான்.

செடி போனால் போகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பந்தலுக்கடியில் உட்கார்ந்து பிஞ்சைப் பச்சையாகவே கடித்துத் தின்பவள் அவள் மகள். இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று சமையலறையை ஒட்டிய அறையில் முடங்கிக் கிடந்தாள்.

இன்றைக்குக் கையும் வாளியுமாகப் பார்த்தாயிற்று. இளையவள் படியடியில் போய் நின்றாள்.

"அக்கா! இறங்கி வாங்க. என் செடிக்கு என்ன ஊத்துனீங்க?"

மூத்தவள் பாதிப் படியில்தான் இருந்தாள். மிச்சத் தண்ணீரோடு அப்படியே திரும்பி இறங்கினாள்.

"தண்ணி."

"தண்ணி ஊத்த யாராவது திருட்டுத்தனமா வருவாங்களா?"

"உன் மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான். வாடிக் கிடக்கே, பாவமா இருந்துச்சு."

"பாவமா? புள்ளை திங்கிற செடிக்கு விஷத்தை வெச்சுட்டு பாவம் பாக்குறீங்களா?"

மூத்தவளின் முகம் செத்துவிட்டது. சண்டைக்கு முன்பு அந்தப் பிள்ளைக்குத் தினமும் தலை பின்னிவிட்டது அவள்தான்.

"யாரைப் பாத்து என்னடி பேசுற?"

"மண்ணை மோந்து பாருங்க! மருந்து நாத்தம் அடிக்குதா இல்லையா?"

மூத்தவள் வாளிக்குள் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். "விஷம்னா நான் சாகிறேன், போ." மதிலோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து, செத்த கொடியின் தூரில் ஆத்திரம் தீரக் கொத்தினாள். முழங்கை ஆழத்துக்குக் குழி விழுந்தது. "இந்தா, இதுவும் உன் செடிக்கே!" என்று வாளியை அதில் கவிழ்த்தாள்.

சத்தம் கேட்டு இளையவளின் கணவன் வெளியே வந்தான். இந்தச் சண்டையில் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து, சட்டைப் பையைத் துழாவி ஒரு சிகரெட்டை வாயில் வைத்தான்.

குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. பிறகு அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது. அடுத்து நாலைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உலைபோலக் கொதிக்க ஆரம்பித்தது.

மூத்தவள் மெல்ல விரலை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"என்னக்கா இது?" இளையவளின் குரல் இறங்கிப் போயிருந்தது.

மூத்தவளின் பார்வை குழியிலிருந்து பாத்தி நெடுக ஓடி, பிள்ளை படுத்திருந்த அறையின் ஜன்னலைத் தொட்டு, சமையலறைச் சுவரில் போய் முட்டி நின்றது. அவளுக்குப் பின்னால் தீப்பெட்டி திறக்கும் ஓசை கேட்டது.

"தம்பி, உரசிடாதீங்க... கேஸு!"